சோப்பைத் தின்பது யார்?

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர். 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பலர் விடியற்காலையில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வர இரவு ஆகிவிடும். எண்ணி எண்ணிச் செலவு செய்ய வேண்டிய சம்பளம்.

இங்கே நான் மாலையில் எழுத்து வகுப்பு நடத்துகிறேன். ஒரு நாள் ஓர் ஆயா தாமதமாக வந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருந்தது.

“என்ன ஆயா, கை இப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“துணி துவைச்சுட்டு வர்றேன் டீச்சரம்மா. கடைக்காரன் போலி சோப்பு விக்கிறான். ஒரு கட்டி நாலு நாள் தாங்கலே. நுரையே வரலே. நாளைக்குப் போய் நல்லாக் கேட்கப் போறேன்” என்றார்.

பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார்: “எங்க வீட்டிலும் இதே கதைதான் ஆயா. ஆனா நான் வேற கடையிலே இல்ல வாங்கறேன்!”

இரண்டு கடை. இரண்டு சோப்பு. குறை மட்டும் ஒன்று. அப்படியானால் தப்பு யார் மேல்? சோதித்துப் பார்த்தோம்.

பாட்டில் சோதனை

இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுத்தோம். ஒன்றில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீர். இன்னொன்றில் போர்வெல் தண்ணீர். இரண்டும் ஒரே அளவு. ஆயா வீட்டுச் சோப்பைச் சீவி, இரண்டிலும் கொஞ்சம் போட்டோம். மூடிக் குலுக்கினோம்.

மழைத் தண்ணீரில் நுரை பொங்கியது. போர்வெல் தண்ணீரில் நுரை வரவில்லை. திரிந்த பால் போல வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

சோப்பு ஒன்றுதான். தண்ணீர்தான் வேறு.

போர்வெல் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே பல காலம் தங்கி வருகிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் கரைந்துவிடுகின்றன. இப்படிப்பட்ட தண்ணீருக்குக் கடின நீர் என்று பெயர். டீப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இந்தச் சுண்ணாம்புதான்.

நாம் போடுகிற சோப்பை முதலில் இந்தச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து பிசுக்காகிவிடும். அந்தப் பிசுக்கு துணியில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வெள்ளைத் துணி பழுப்பாகிறது. துண்டு மொரமொரப்பாகிறது. சுண்ணாம்புக்குப் போக மிஞ்சுகிற சோப்புதான் அழுக்கை எடுக்கும்.

நம் சோப்பை அழுக்கு தின்னவில்லை. தண்ணீர்தான் தின்கிறது!

தண்ணீரை வசப்படுத்துவது எப்படி?

மழைக் காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள். கூரையில் படிந்த தூசி அதில் அடித்து வரும். பிறகு வருகிற தண்ணீர் துவைக்க மிக நல்லது. டிரம்மை மூடி வையுங்கள். இல்லாவிட்டால் கொசு வளரும்.

மழை இல்லாத நாளில் என்ன செய்வது? சலவைச் சோடா வாங்குங்கள். இது சமையல் சோடா அல்ல. ஒரு வாளி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடம் விடுங்கள். சோடா சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சோப்புப் போட்டால், சோப்பு அழுக்கோடு மட்டும் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. கையில் புண் இருந்தால் எரியும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சோப்புத்தூள் கடின நீரிலும் ஓரளவு நன்றாக வேலை செய்யும். ஆனால் நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்று நினைக்காதீர்கள். தூள் அதிகமானால் அலசும் தண்ணீரும் அதிகமாகும்.

கைக்கு வேலை குறைய

துணியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். நாம் கசக்குகிற வேலையில் பாதியை ஊறல் செய்துவிடும். காலர், கை மடிப்பு, புடவைக் கரை ஆகிய இடங்களில் மட்டும் சோப்புத் தேயுங்கள். முழுத் துணிக்கும் தேய்க்க வேண்டாம்.

முதலில் வெள்ளைத் துணி. அடுத்துச் சாயம் போகாத கலர் துணி. கடைசியில் கால்மிதி, கரித்துணி. ஒரே சோப்புத் தண்ணீர் மூன்றுக்கும் ஆகும்.

அலசுவதற்கு முன் துணியை நன்றாகப் பிழியுங்கள். பிழியாமல் அலசினால் துணியில் இருக்கிற சோப்பு எல்லாம் அலசும் வாளிக்கு வந்துவிடும். மூன்றாவது, நான்காவது வாளி தேவைப்படும். பிழிந்து அலசினால் பெரும்பாலும் இரண்டு வாளி போதும். கடைசியாக அலசிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். அடுத்த துணி ஊறவும், கழிப்பறை கழுவவும் ஆகும்.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் வேண்டும். வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். எல்லாத் துணிக்கும் வெந்நீர் வைத்து கேஸை வீணாக்க வேண்டாம். நோயாளியின் துணி, குழந்தையின் துணி ஆகியவற்றுக்கு வைத்தால் போதும்.

வெயில் காசு கேட்காது

வெயில் துணியை உலர்த்துகிறது. கிருமியையும் குறைக்கிறது. மாதவிலக்குத் துணியை வெட்கப்பட்டு இருட்டு மூலையில் காயப்போடாதீர்கள். ஈரம் தங்கினால் கிருமி வளரும். வெயிலில் விரியுங்கள்.

எங்கள் ஊரில் சுரங்க மண்ணைக் கொட்டிய சைனைடு மேடுகள் இருக்கின்றன. காற்றடித்தால் தூசி பறந்து கொடியில் உள்ள துணி மேல் படியும். துவைத்ததையே மறுபடி துவைக்க வேண்டி வரும். ஆகவே காற்றுக் காலத்தில் காற்று எழும் முன் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

இஸ்திரிக் கணக்கு

1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட் மின்சாரம்.

தினமும் 15 நிமிடம் தேய்க்கிறோம். மாதம் 30 நாள். 15 x 30 = 450 நிமிடம். அதாவது ஏழரை மணி நேரம். ஏழரை யூனிட்.

வாரம் ஒரு நாள் எல்லாத் துணியையும் சேர்த்து ஒரு மணி நேரம் தேய்த்தால்? மாதம் 4 யூனிட். பெட்டியைத் தினம் தினம் சூடாக்க வேண்டாம். பெட்டி இடையிடையே தானே அணைந்து எரியும். அதனால் இரண்டு கணக்கிலும் கொஞ்சம் குறையலாம். மெல்லிய துணியைக் கடைசிக்கு வையுங்கள். சுவிட்சை அணைத்த பிறகு மீதிச் சூட்டிலேயே தேய்த்துவிடலாம். துணியை உதறி, நீவிக் காயப்போட்டால் பல துணிக்கு இஸ்திரியே வேண்டாம்.

துவைக்கும் இயந்திரம் இருந்தால், துணி நிறையச் சேர்ந்த பிறகு போடுங்கள். ஆனால் திணிக்காதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். இயந்திரத்தைச் சுற்ற வைக்கிற மின்சாரத்தைவிடச் சூடாக்குகிற மின்சாரம்தான் அதிகம்.

“எங்களுக்குக் கரண்ட் இலவசம்தானே?” என்று ஓர் அக்கா கேட்டார். கர்நாடகத்தில் 2023ஆம் ஆண்டு கிருக ஜோதித் திட்டம் வந்தது. அதில் இலவசத்துக்கும் ஓர் அளவு உண்டு. அளவைத் தாண்டினால் பில் வரும். ஆகவே மீட்டரைப் பார்க்கப் பழகுங்கள்.

ஆயாவின் நோட்டு

மறுநாள் ஆயா கடைக்குப் போனார். சண்டை போடவில்லை. சலவைச் சோடா கேட்டார். அன்று முதல் வாங்குகிற ஒவ்வொரு சோப்பையும் நோட்டில் எழுதுகிறார். தேதி, எண்ணிக்கை, விலை. எழுத்துக் கோணல்தான். கணக்கு நேராக இருக்கிறது.

முன்பு கடைக்காரர் சொன்னதுதான் ஆயாவுக்குப் பாக்கி. இப்போது ஆயாவிடமும் ஒரு கணக்கு இருக்கிறது.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. ஒரு கட்டி சோப்பு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8 கட்டி வாங்கிய வீட்டில் இப்போது 5 கட்டி போதும். சலவைச் சோடாவுக்கு 10 ரூபாய் செலவு. மாதம் எவ்வளவு மிச்சம்? ஒரு வருடத்துக்கு எவ்வளவு?

2. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். பார்த்ததை நான்கு வரியில் எழுதுங்கள்.