‘போதும்’ என்று சொல்ல வேண்டிய இடம்

‘போதும்’ என்ற சொல்லை நம் பெரியோர் ஒரு மருந்தாகவே கருதினார்கள். உணவிலும் உடையிலும் பொருளிலும் போதும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு நிம்மதி உண்டு. ஆனால் அந்த மருந்தை நாம் இடம் மாற்றி உண்ணத் தொடங்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. பெறுகின்ற இடத்தில் போதாது என்கிறோம். செய்கின்ற இடத்தில் போதும் என்கிறோம். சம்பளம் போதாது, வசதி போதாது. வேலை மட்டும் இவ்வளவு செய்தால் போதும்! திறமை உள்ளவர்களில் பலர் நடுத்தரத்திலேயே நின்றுவிடுவதற்கு இந்த இடமாற்றமே பெரிய காரணம்.

சோழர் காலத்து உற்சவத் திருமேனிகளைத் திருமஞ்சனத்தின்போது அருகிருந்து தரிசித்த அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பட்டும் மாலையும் களைந்த நிலையில், திருமேனியின் பின்புறமும் முன்புறத்தைப் போலவே நிறைவாக இருக்கும். தலையின் பின்னுள்ள சிரச்சக்கரம், தோளில் புரளும் குழற்சுருள்கள், இடையாடையின் மடிப்பு என எதிலும் குறை இராது. அலங்காரத்துடன் வீதியுலா எழுந்தருளும்போது இவற்றுள் ஒன்றும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் மண்ணால் கவசமிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்த சிற்பிக்கு இது தெரியாததன்று. பின்புறத்தை வெறுமையாக விட்டிருந்தால் ஊரார் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்பார் இல்லாத இடத்திலும் அவருடைய உளி ஓயவில்லை.

அந்தச் சிற்பிக்காவது கையில் மெழுகும் உலோகமும் இருந்தன. திருநின்றவூர்ப் பூசலார் நாயனாருக்கு அதுவும் இல்லை. சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பி எங்கெங்கோ பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். மனக்கோயிலை ஒரு நொடியில் கட்டி முடித்துவிடலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டு, விமானம் எழுப்பி, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, நெடுநாள் முறையாகக் கட்டினார் என்று சேக்கிழார் பெருமான் விவரிக்கிறார். மனக்கோயிலில் மதில் இருக்கிறதா என்று யார் சோதிக்கப் போகிறார்கள்? ஆயினும் மதில் இல்லாமல் கோயில் நிறைவுறாது என்பது அவருக்குத் தெரியும். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குறித்த நாளிலேயே பூசலார் குறித்த குடமுழுக்கும் அமைந்தது. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, அன்பனின் ஆலயத்துக்கே அன்று செல்வதாகவும், மன்னன் வேறு நாள் குறிக்க வேண்டும் என்றும் பணித்தான். வசதி இல்லை என்று நாம் கூறும் காரணங்கள் யாவும் இந்த வரலாற்றின் முன் நிற்க மாட்டா.

நாம் பாதியில் நின்றுவிடுவதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று அச்சம். முழு முயற்சி செய்து தோற்றால் நம் அளவு வெளிப்பட்டுவிடும். அரை முயற்சியோடு நின்றால், ‘மனம் வைத்திருந்தால் முடித்திருப்பேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றொன்று, சிறு குறையைச் சிறியதென்றே நம்பிவிடுவது. வங்கிக் கணக்குகளைப் பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில், மாலையில் பத்துப் பைசா வித்தியாசம் வந்தால், ‘சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டுப் புறப்படலாமே’ என்பவர்கள் உண்டு. அனுபவம் மிக்க அதிகாரிகள் இணங்க மாட்டார்கள். பற்றில் ஒரு பெரிய பிழையும் வரவில் மற்றொரு பெரிய பிழையும் ஒன்றையொன்று மறைத்து, எஞ்சியது மட்டும் பத்துப் பைசாவாக வெளியே தெரியலாம். வாழ்க்கைக் கணக்கிலும் அப்படித்தான்.

இவ்விரண்டையும்விட வலிய தடை ஒன்று உண்டு. அது புகழ். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1880-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். எல்லோரும் மதித்தார்கள். அவ்வாண்டு அந்நகருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியல் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற பொருளில் கேட்டு, சீவக சிந்தாமணியின் பிரதி ஒன்றையும் கொடுத்தார்.

அந்த இடத்தில் வேறொருவர் மனம் புண்பட்டு விலகியிருக்கக்கூடும். உத்தியோகம் உண்டு, நல்ல பெயர் உண்டு, இது போதும் என்று இருந்திருக்கலாம். ஐயரோ, தாம் கற்காதது இவ்வளவு இருக்கிறதே என்று எண்ணினார். சைவச் சூழலில் வளர்ந்த அவர், அந்த நூலின் சமயக் கருத்துகளை அறியக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று கேட்டார். ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டி, பாடங்களை ஒப்பிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வந்தன. அன்று கிடைத்த பாராட்டே போதும் என்று அவர் நின்றிருந்தால், இவ்வளவும் எந்தக் காலத்தில் எவ்வடிவில் நம் கைக்கு வந்திருக்குமோ!

‘பலனில் பற்று வேண்டாம் என்பதுதானே கீதை? பிறகு ஏன் இத்தனை சிரமம்?’ என்று சிலர் கேட்கக்கூடும். பகவான் பலனைத்தான் விடச் சொன்னார். சிரத்தையை விடச் சொல்லவில்லை. அதே இரண்டாம் அத்தியாயத்தில், செயலில் காட்டும் திறமையையே யோகம் என்கிறார். பலனை அவனிடம் ஒப்படைப்பவன், ஒப்படைக்கத் தகுந்த செயலைச் செய்திருக்க வேண்டாமா? வாடிய பூவை எடுத்து வைத்துவிட்டு நல்ல பூவாகத் தேடி மாலை தொடுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியவை, நமக்கு எதற்கு என்று என் வயதுடையோர் எண்ணலாம். உண்மையில் ‘இனி என்ன இருக்கிறது, போதும்’ என்ற சொல் எளிதில் நாவில் வருவது நமக்குத்தான். ஐயர் தம் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-இல், 85 வயதை நெருங்கும்போது. 1942-இல் அவர் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார்; நூல் முற்றுப்பெறவில்லை, ஆனால் அவர் ஓய்ந்து நிறுத்தவில்லை.

நம் கையில் இன்னும் எத்தனையோ பணிகள் இருக்கின்றன. வாசலில் இடும் கோலம், சந்நிதியில் ஏற்றும் விளக்கு, பிழையின்றிச் சொல்ல வேண்டிய தேவாரமும் திவ்யப் பிரபந்தமும், பேரக்குழந்தைக்குச் சொல்லும் கதை என யாவும் நம் பொறுப்பில் இருப்பவை. பல ஆண்டுகளாகத் தவறாக உச்சரித்துவரும் ஒரு சொல்லை, ஓதுவாரிடம் கேட்டு இந்த வாரம் திருத்திக்கொள்வதும் சிறந்த வழிபாடே. நமக்கு வேண்டியதைக் கேட்கும்போது போதும் என்போம்; இறைவனுக்குச் சமர்ப்பிக்கும்போது இன்னும் சற்று என்போம்.