கொள்கைக்காக ஒருவர் தாக்கப்பட்டால், அது வெறுப்புக் குற்றமா?

“சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறோம். பிறகு ஏன் சில தாக்குதல்களுக்கு மட்டும் கூடுதல் தண்டனை?” அடிப்படை உரிமைகள் பாடத்தின்போது மாணவர்களிடம் எழக்கூடிய கேள்வி இது. பத்தாம் வகுப்பு மாணவர் அடுத்த கேள்வியையும் கேட்கலாம்: “சாதிக்காக அடித்தால் வெறுப்புக் குற்றம். வேறு கட்சியை ஆதரித்ததற்காக அடித்தால்?” இரண்டாவது கேள்வி பல நாடுகளில் விவாதத்தில் உள்ளது. விடை சொல்லும் முன் நம் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது.

வெறுப்புக் குற்றம் என்பது யாது?

அடித்தல், தீ வைத்தல், கொலை ஆகியவை ஏற்கெனவே குற்றங்களே. ஒருவரை அவர் செய்த செயலுக்காக அன்றி, அவர் இன்னார் என்பதற்காகவே தேர்ந்தெடுத்துத் தாக்கும்போது அது வெறுப்புக் குற்றமாகிறது. காயம்படுபவர் ஒருவர், அஞ்சுவோர் அவரைப் போன்ற அனைவரும். கூடுதல் தண்டனைக்குச் சொல்லப்படும் காரணம் இதுவே.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் முற்றியபோது, இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மலையிறங்கி ஊர் திரும்பியதைத் தேவாரம், போடி வட்டார ஆசிரியர்கள் அறிவார்கள். அடிபடாதவர்களும் அஞ்சி இறங்கினார்கள். மொழிக்காக ஒருவர் தாக்கப்பட்டால் அந்த மொழி பேசும் அனைவரும் அஞ்சுவர் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை.

நம் சட்டம் சொல்வது

இந்தியாவில் ‘வெறுப்புக் குற்றம்’ என்ற பெயரில் நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. கும்பல் கொலைகளைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் பற்றி நாடாளுமன்றம் பரிசீலிக்குமாறு 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு இதற்கு இடமளித்துள்ளது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து, இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை அல்லது இவை போன்ற வேறு காரணத்துக்காகக் கொலை செய்தால், அக்குழுவின் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனையும் அபராதமும் உண்டு. அதே காரணங்களுக்காகக் கொடுங்காயம் விளைவித்தால், 117(4) பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு.

இதில் ‘தனிப்பட்ட நம்பிக்கை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசியல் கொள்கை அதனுள் அடங்குமா? சட்டத்தில் அச்சொல்லுக்கு விளக்கம் தரப்படவில்லை. மேலும், தாக்கியவர்கள் நான்கு பேர் என்றால் இப்பிரிவுகள் பொருந்தா. பொதுவான கொலை, காயப் பிரிவுகளே பொருந்தும்.

இரண்டு நிகழ்வுகள்

1999 டிசம்பர் 1 அன்று கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் மொகேரியில், கே.டி. ஜெயகிருஷ்ணன் என்ற ஆசிரியர் வகுப்பறையிலேயே மாணவர்கள் கண்முன் கொல்லப்பட்டார். அவர் ஓர் அரசியல் கட்சியின் இளைஞர் அணிப் பொறுப்பில் இருந்தவர். அதே ஆண்டு திருவோண நாளில், அதே மாவட்டத்தில், எதிர்த்தரப்புக் கட்சித் தலைவர் பி. ஜெயராஜன் வீட்டில் வைத்து வெட்டப்பட்டு உயிர் தப்பினார். அங்கே இரு தரப்பிலும் இழப்பு உண்டு.

நம் பக்கத்து மதுரை மாவட்டத்தின் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டனர். இங்கே சாதியையும் அரசியல் உரிமையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இத்தகைய நிலைக்குச் சட்டம் ஓரளவு விடை தந்துள்ளது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துடன், பட்டியல் சாதி, பழங்குடி மக்களை வாக்களிக்க விடாமல் தடுத்தல், வேட்புமனு தாக்கல் செய்ய விடாமல் தடுத்தல், ஊராட்சித் தலைவரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல், குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களித்ததற்காகப் பழிவாங்குதல் ஆகியவற்றைக் குற்றங்களாக்குகிறது.

விரிவாக்கலாமா?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம், அரசியல் சார்பையும் வெறுப்புக் குற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இங்கிலாந்தில் இனம், மதம், மாற்றுத்திறன், பாலின ஈர்ப்பு, திருநர் அடையாளம் ஆகிய ஐந்தே கணக்கில் கொள்ளப்படுகின்றன. அரசியல் கொள்கை இல்லை.

ஆதரிப்போர் சொல்வது: கொள்கைக்காக ஒருவரைத் தாக்கினால் அவரைப் போல் நினைக்கும் ஊரே வாய் மூடிவிடும், அச்சத்தில் நடக்கும் தேர்தல் தேர்தலாகாது.

எதிர்ப்போர் சொல்வது: பிறப்பால் வந்த அடையாளத்தை மாற்ற இயலாது, கொள்கையை மாற்றலாம், அதைக் கடுமையாக விமர்சிப்பதும் மக்களாட்சியின் பகுதி. சட்டத்தின் சொல் தெளிவற்றதாக இருந்தால், தேர்தல்காலக் கைகலப்பு ஒவ்வொன்றும் வெறுப்புக் குற்றமாகப் பதியப்படலாம். அதிகாரத்தில் உள்ளவர் எதிர்த்தரப்பினர்மீது ஏவலாம்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே ஒரு வழி காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. ‘கொள்கை’ என்ற பரந்த சொல்லுக்குப் பதிலாக வாக்களித்தல், போட்டியிடுதல், பதவியில் பணியாற்றுதல் எனக் குறிப்பான செயல்களை அது பாதுகாக்கிறது. விரிவாக்கம் வேண்டுமெனில் அந்தத் தெளிவு முதலில் வேண்டும்.

வகுப்பறையில்

உயர்நிலை வகுப்புகளில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மூன்று நிகழ்வுகளைத் தரலாம்: நிலத் தகராறில் அடிதடி, வேறு மொழி பேசியதற்காக அடித்தல், சுவரொட்டி ஒட்டியதற்காக அடித்தல். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் போதும்: நடந்த குற்றம் எது? இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இவரைத் தவிர வேறு யார் அஞ்சுவார்கள்? மூன்றாவது நிகழ்வில் குழுக்களுக்குள் கருத்து வேறுபாடு எழும், அதுவே பாடம். கட்சிப் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. அரசு ஊழியர் நடத்தை விதிகளும் நம்மிடம் நடுநிலையை எதிர்பார்க்கின்றன.

தொடக்க வகுப்புகளில் லீடர் தேர்தலே போதும். “எனக்கு ஓட்டுப் போடாதவங்களோடு பேச மாட்டேன்” என்று ஒரு குழந்தை சொன்னால் கடந்துபோக வேண்டாம். இருவரையும் அடுத்த நாள் ஒரே குழுவில் அமர்த்தி ஒரே வேலையைக் கொடுங்கள். ஓட்டு மாறினாலும் பக்கத்தில் உட்காரலாம் என்பதை அந்தக் குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

– பட்டதாரி ஆசிரியர், அரசுப் பள்ளி, தேவாரம், தேனி மாவட்டம்