கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை



"என் முந்தானையைப் பிடித்துத் திரிந்த பிள்ளை, இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான் சாமி" எனத் தாய்மார் கலங்குகிறார்கள்.

வளரிளம் பருவத்தில் உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப்பகுதி முந்திக்கொள்கிறது. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதியோ ஏறக்குறைய 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. உறக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. ஆகவே எல்லாவற்றையும் திமிர் என்றோ சோம்பல் என்றோ சொல்லிவிடாதீர்கள்.

காணாமற்போன 12 வயது இயேசுவை மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் கழித்தே எருசலேம் கோவிலில் கண்டார்கள். தாய் தம் வேதனையை மறைக்காமல் சொன்னார். மகனின் பதில் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் தாய் அனைத்தையும் உள்ளத்தில் வைத்துக் காத்தார். மகனும் நாசரேத்துக்குத் திரும்பிப் பணிந்து வளர்ந்தார்.

புரியாதபோதும் உடனிருப்பதே பெற்றோரின் அழைப்பு. இன்றிரவு பிள்ளையின் கதவைத் தட்டுங்கள். அறிவுரை பிறகு இருக்கட்டும். முதலில் பத்து நிமிடம் கேளுங்கள்.