பெயர் சொல்லக் கூடாது – 9: கட்சிக்காரரைக் காட்டிக்கொடுத்த வக்கீல்

இதுவரை பார்த்த வழக்குகளில் ‘என் பெயரைப் போடாதீர்கள்’ என்று கோர்ட்டுக்கு ஓடியவர்கள் தனி மனிதர்கள். இந்த வாரம் ஓடியது போலீஸ். அதுவும் அரசாங்கத்தின் இன்னொரு கையை எதிர்த்து.

ஆஸ்திரேலியாவில் பெயர்கள் தலைகீழ். மாநிலத்தில் இருப்பது சுப்ரீம் கோர்ட், நாட்டுக்கே மேலே கான்பராவில் இருப்பது ஹை கோர்ட். அந்த ஹை கோர்ட்டில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, 2018 நவம்பர் 5 அன்று ஒருமனதாக ஒரு வழக்கை முடித்துவைத்தார்கள். முடிந்த செய்தி வெளியே வரவில்லை. டிசம்பர் 3 வரை தீர்ப்பையே வெளியிடக் கூடாது என்று உத்தரவு. வழக்கின் பெயர்: ‘ஏபி எதிர் சிடி’. கீழ்க்கோர்ட்டிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு நடந்த விசாரணை அது.

டிசம்பரில் தீர்ப்பு வெளியானபோதுதான் எழுத்துகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் தெரிந்தார்கள். ஏபி என்பவர் விக்டோரியா மாநிலத்துப் போலீஸின் தலைமைக் கமிஷனர். சிடி என்பவர் அதே மாநிலத்தில் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் துறையின் இயக்குநர். மூன்றாவதாக ஒருவர் உண்டு, ஈஎஃப். அவர் ஒரு கிரிமினல் வக்கீல் என்று மட்டும் சொன்னது தீர்ப்பு. பெயர் தெரிய இன்னும் மூன்று மாதம் ஆனது.

நிக்கோலா கோபோ. மெல்பர்னில் செல்வாக்கான குடும்பத்துப் பெண். சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்து, பிறகு மாநில ஆளுநரும் ஆன சர் ஜேம்ஸ் கோபோவின் வீட்டுப் பெண். 1997-ல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அந்த நகரத்தில் அப்போது தாதாக்களின் சண்டை மூண்டுகொண்டிருந்த நேரம். 1998 தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகள். கார் நிறுத்துமிடத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் சுட்டுக்கொண்டார்கள். கார்ல் வில்லியம்ஸ், டோனி மோக்பெல் என்று அன்றைக்குப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர்கள் எல்லாம் கோபோவின் கட்சிக்காரர்கள். ஜாமீன் எடுத்துத் தருவதில் கெட்டிக்காரர். கட்சிக்காரர்களின் விருந்துக்கும் போவார். அவர்களுக்கு இவரிடம் ஒளிவுமறைவு கிடையாது.

போலீஸ் பதிவேட்டில் அதே பெண்ணுக்கு இன்னொரு அடையாளம் இருந்தது: தகவலாளி எண் 3838. 2005 செப்டம்பரில் தொடங்கி 2009 ஜனவரி வரை அந்த எண்ணில் தகவல் தந்தார். அது முதல் பதிவும் அல்ல. 1995-ல் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதே ஒருமுறை, 1999-ல் ஒருமுறை அவரைத் தகவலாளியாகப் பதிவு செய்திருந்தது பின்னால் தெரியவந்தது. கறுப்பு கோட் போடுவதற்கு முன்பே போலீஸோடு தொடர்பு.

காட்டிக்கொடுத்தது எப்படி என்பதற்கு ஓர் இரவை எடுத்துக்கொள்ளலாம். 2006 ஏப்ரல். போதை மருந்து காய்ச்சும் ஒருவரை அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே போலீஸ் பிடித்தது. இடம் காட்டியதில் 3838-இன் தகவலுக்குப் பங்குண்டு. பிடிபட்டவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, தன் உரிமைப்படி வக்கீலைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர் கோபோ. அந்த மனிதருக்கு அந்த அறையில் துணை என்று நம்பியது இவர் ஒருவரைத்தான். அந்த இரவே அவர் போலீஸ் பக்கம் சாய்ந்தார். பிறகு அவர் சொன்ன சாட்சியத்தை வைத்து மோக்பெல் கூட்டத்தில் பலர் உள்ளே போனார்கள்.

அடுத்த ஆண்டு இன்னொரு சம்பவம். கோபோ யாருக்காக ஒரு வழக்கில் ஆஜராகிக்கொண்டிருந்தாரோ அந்தக் கட்சிக்காரர் கப்பல் சரக்குக் காகிதங்களை இவர் கையில் கொடுத்தார். காகிதத்தில் இருந்த விவரம் போலீஸுக்குப் போனது. இத்தாலியிலிருந்து வந்த கண்டெய்னர். உள்ளே தக்காளி டின்கள், சுமார் மூவாயிரம். தக்காளிக்குப் பதில் எக்ஸ்டசி மாத்திரைகள், ஒன்றரைக் கோடி, எடை 4.4 டன். அந்த மாத்திரை அதுவரை உலகில் எங்கும் ஒரே இடத்தில் அவ்வளவு பிடிபட்டதில்லை.

‘நல்லதுதானே செய்தார்?’ என்று கேட்கத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஒன்றரைக் கோடி மாத்திரை தெருவுக்கு வராமல் தடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்?

நம் பழைய சாட்சியச் சட்டத்தைப் புரட்டியவர்களுக்கு இதன் பதில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் கிடைக்கும். பிரிவு 125: தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 126: கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. 2024 ஜூலை முதல் இவை புதிய சட்டத்தில் 131, 132 ஆகிவிட்டன, விஷயம் மாறவில்லை. இரண்டும் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தவை. ஆஸ்திரேலியாவுக்கும் அதே வேர்தான். இரண்டு பாதுகாப்புகளும் இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் சண்டையில்லாமல் குடியிருந்தன. தகவலாளியும் வக்கீலும் ஒரே ஆளாக வந்து நின்றால் எது வெல்லும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நடக்கப்போகும் குற்றத்தைப் பற்றி வக்கீல் சொன்னால் அதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, சரக்குக் காகிதத்தை அந்தக் கணக்கில் எழுதலாம் என்று வாதாடலாம். ஸ்டேஷனுக்கு வந்த இரவை எந்தக் கணக்கில் எழுதுவது? அங்கே விசாரிக்கிறவரும் போலீஸ் தரப்பு, காப்பாற்ற வந்தவரும் போலீஸ் தரப்பு. இது தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் எதற்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியும்?

விஷயம் முதலில் வெளியே கசிந்தது 2014 மார்ச் 31 அன்று. மெல்பர்னின் ‘ஹெரால்ட் சன்’ நாளிதழில் ஆண்டனி டௌஸ்லி என்ற நிருபர் எழுதினார். பெயர் போடவில்லை, ‘லாயர் எக்ஸ்’ என்றுதான் போட்டார்கள். அடையாளம் தெரிகிற எதையும் போடக் கூடாது என்று போலீஸ் கோர்ட்டுக்குப் போனது, தடையும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரித் தடைகளுக்குப் பேர்போன மாநிலம் விக்டோரியா. பத்திரிகை ஐந்து ஆண்டு அந்தத் தடைகளோடு மல்லுக்கட்டியது.

இந்த இடத்தில் போலீஸ் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தடை கேட்டதற்குக் காரணம் வெறும் சாக்கு அல்ல. 2004 மே மாதம், போலீஸுக்குத் தகவல் தந்துவந்த டெரன்ஸ் ஹாட்சனும் அவர் மனைவியும் மெல்பர்னில் தங்கள் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கார்ல் வில்லியம்ஸை 2010-ல் சிறைக்குள்ளேயே அடித்துக் கொன்றார்கள். கோபோவின் பெயர் தெரிந்தால், அவர் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராவிட்டால், மரணம் ஏறக்குறைய நிச்சயம் என்பதை நீதிபதிகளே ஏற்றுக்கொண்டார்கள். அவருக்குச் சின்னக் குழந்தைகள் வேறு. முதல் நாள் கொடுத்த தடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

பின்னால் அந்தத் தடை எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் சண்டை. ஓய்வுபெற்ற நீதிபதி மர்ரே கெல்லம் 2015-ல் இதை விசாரித்து ரகசிய அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த அரசுத் தரப்பு இயக்குநர், மோக்பெல் உட்பட ஏழு தண்டனைக் கைதிகளுக்கு ‘உங்கள் வக்கீல் போலீஸ் ஆள்’ என்று கடிதம் எழுத முடிவு செய்தார். பத்திரிகைக்கு அல்ல, ஏழு பேருக்கு. தன் கைவசம் உள்ள, எதிர்த்தரப்புக்குச் சாதகமான விஷயத்தை மறைக்கக் கூடாது என்பது அரசு வக்கீலின் அடிப்படைக் கடமை. இந்தக் கடிதத்தை நிறுத்தத்தான் கமிஷனர் 2016-ல் ஏபி ஆனார். 2017 ஜூனில் தோற்றார். அப்பீலுக்குப் போய் நவம்பரில் தோற்றார். கான்பராவுக்குப் போனார்.

இத்தனை நாள் வாதம் நடந்தது யாரைப் பற்றியோ அந்த ஏழு பேருக்கு இப்படி ஒரு வழக்கு நடப்பதே தெரியாது. தெரிவித்தால் ரகசியம் போய்விடும். ஆகவே அவர்கள் தரப்பைப் பேச அமிகஸ் க்யூரிகளை நியமித்தார்கள். தன் கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை பேச முடியாத வக்கீல்கள்! கட்சிக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டு வேறிடத்தில் சொன்ன ஒரு வக்கீலைப் பற்றிய வழக்கில் இப்படி ஓர் ஏற்பாடு.

கோபோ 2015 ஜூனில் போலீஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் வழக்கில் வந்தது. தான் தந்த தகவலால் குறைந்தது 386 பேர் கைதாகிக் குற்றம் சாட்டப்பட்டதாக அதில் அவரே கணக்குச் சொல்லியிருந்தார். தன்னைக் காக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன கணக்கு. படித்தவர்களுக்கு அது வேறுவிதமாகத் தெரிந்திருக்கும்.

ஹை கோர்ட்டின் முடிவு நீளமானதல்ல. தகவலாளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது மிக முக்கியம் என்று முதலில் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஏற்பாட்டையே கேடாகப் பயன்படுத்தி நீதி முறையைக் கெடுத்திருக்கும்போது, உண்மையைச் சொல்வதில் உள்ள பொதுநலன்தான் பெரிது என்றது. கோபோ செய்தது கட்சிக்காரர்களுக்கும் கோர்ட்டுக்கும் செய்த படுமோசமான துரோகம். தெரிந்தே அதற்குத் தூண்டுகோலாக இருந்த போலீஸின் நடத்தை கண்டனத்துக்குரியது. வக்கீலையும் போலீஸையும் ஒரே பத்தியில் நிறுத்திய தீர்ப்பு அது. போலீஸ் அத்தனை கோர்ட் ஏறி இறங்கியது ஒரு பெண்ணின் உயிருக்காக மட்டும்தான் என்பதை நம்ப எனக்குச் சிரமமாக இருப்பது இதனால்தான். அவர் பெயர் வெளியே வந்தால், அவரை வைத்து வேலை வாங்கியவர்களின் பெயர்களும் பின்னாலேயே வரும்.

2019 மார்ச் 1 அன்று பெயர் வெளியானது. குழந்தைகளின் படத்துக்கு மட்டும் தடை நீடித்தது. கோபோ அதற்குள் நாட்டை விட்டே போயிருந்தார்.

அதே ஆண்டு ஜூலையில் ஃபாருக் ஓர்மன் வெளியே வந்தார். 2002-ல் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டனை பெற்றவர். கோபோ அவருக்கும் வக்கீல். ஓர்மனுக்கு எதிரான முக்கிய சாட்சி பின்வாங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று போலீஸுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. நீதி தவறிவிட்டது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொள்ள, அப்பீல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. பன்னிரண்டு ஆண்டு சிறை. அதில் ஏபியும் சிடியும் மூடிய அறையில் வாதாடிய காலமும் அடக்கம். மோக்பெல் 2025 ஏப்ரலில் ஜாமீனில் வந்தார். முதலாமவர் தன் நியாயத்தைக் கேட்டு வாங்கியவர். இரண்டாமவருக்காகக் கண்ணீர்விட ஆளில்லை. ஆனாலும் இருவருக்கும் கதவைத் திறந்தது ஒரே பெயர்தான்.

மாநில அரசு அமைத்த ராயல் கமிஷனுக்குத் தலைமை, குயின்ஸ்லாந்து அப்பீல் கோர்ட்டின் முன்னாள் தலைவர் மார்கரெட் மக்மர்டோ. 2020 நவம்பர் இறுதியில் அறிக்கை வந்தது. கோபோவின் வேலையால் 1,011 பேரின் தண்டனைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. அந்த விசாரணையில் கோபோ தொலைபேசியில்தான் சாட்சி சொன்னார். அவரைக் கையாண்ட போலீஸ்காரர்களோ புனைபெயர்களில் வந்து போனார்கள். ஊரறிய வெளியானது ஒரு பெயர். மறைந்தவை எத்தனையோ!

பிறகு, யார் மேலாவது குற்ற வழக்குப் போட முடியுமா என்று பார்க்க ஒரு சிறப்புப் புலனாய்வு அதிகாரியை நியமித்தார்கள். வந்தவர் ஜெஃப்ரி நெட்டில். கான்பராவில் அந்தத் தீர்ப்பைச் சொன்ன ஏழு பேரில் ஒருவர். ஓய்வுக்குப் பிறகு அதே விவகாரத்தின் கோப்புகளைக் கையில் எடுத்தார். சில போலீஸ் அதிகாரிகள் மீது வழக்குத் தொடர ஆதாரம் திரட்டினார். கோபோ தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் தயாராக இருந்தார். கோப்பு அரசுத் தரப்பு இயக்குநரின் மேஜைக்குப் போனது. அதாவது, பழைய சிடியின் நாற்காலிக்கு. அங்கே இப்போது வேறொருவர். தண்டனை கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

2023 ஜூனில் நெட்டில் சட்டசபைக்கு அறிக்கை கொடுத்தார்: இந்த அலுவலகத்தை வைத்திருப்பதில் பயனில்லை, மூடிவிடுங்கள். அரசும் மூடியது. இன்றுவரை இந்த விவகாரத்துக்காக ஒரு போலீஸ்காரர் மீதும் குற்றப்பத்திரிகை இல்லை, கோபோ மீதும் இல்லை.

(தொடரும்)