கொல்கத்தா குளிரில் சைக்கிள் பயணம்: தடித்த ஸ்வெட்டர் மட்டும் ஏன் போதாது?

கொல்கத்தா: தென் கொல்கத்தாவின் பவானிபூரில் ஜனவரி மாத அதிகாலையில் சைக்கிள் மிதிப்பவர்களில் பலர் உடற்பயிற்சிக்காக வருபவர்கள் அல்லர். நாளிதழ் போடுபவர், பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்பவர், ஜதுபாபு சந்தைக்கு மீன் கூடையுடன் விரைபவர், பாவ்ரொட்டி விற்பவர் என்று பிழைப்புக்காகப் புறப்பட்டவர்களே அதிகம். கம்பளித் தொப்பி, சால்வை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் என எல்லாம் அணிந்திருந்தும் இவர்களுக்குக் கைகள் விறைத்துப்போகின்றன. சைக்கிளை நிறுத்திய சிறிது நேரத்தில் உடல் நடுங்கத் தொடங்குகிறது. துணி போதவில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. துணியின் வரிசைதான் தவறாக இருக்கிறது.

பவானிபூருக்கு மேற்கே, ஆதி கங்கைக் கால்வாய்க்கு அப்பால் உள்ள அலிப்பூர் வானிலை மையத்தின் அளவீடுதான் கொல்கத்தாவின் வெப்பநிலையாக அறிவிக்கப்படுகிறது. அங்கு ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 14 டிகிரி செல்சியஸ். சென்னையில் அதே மாதத்தில் இது ஏறத்தாழ 21 டிகிரி. டெல்லிக்காரர்கள் இந்த 14 டிகிரியைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால், நின்றுகொண்டிருப்பவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் ஒரே வெப்பநிலை ஒரே குளிராக இருப்பதில்லை.

நம் தோலை ஒட்டி, உடல் சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலம் கலைந்துபோகிறது. உடல் மீண்டும் மீண்டும் புதிய காற்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. காற்றே இல்லாத காலையிலும் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் தன் மீது அதே வேகத்தில் காற்றை வீசச் செய்துகொள்கிறார். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்திவரும் காற்றுக் குளிர்ச்சிக் கணக்கின்படி, 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது ஏறத்தாழ 7 டிகிரி போலத் தோன்றும். பத்து டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலைக்கு அந்தக் கணக்கு வகுக்கப்படவில்லை என்பதால் கொல்கத்தாவின் வழக்கமான காலைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. எனினும் அடிப்படை ஒன்றே.

வங்காளிகள் குளிர்காலத்தில் அடிக்கடி குறிப்பிடும் 'உத்துரே ஹாவா' வடக்கிலிருந்து வரும் காற்று. நம் மொழியில் அதற்கு வாடை என்று பழைய பெயரே உண்டு. பவானிபூரின் முதன்மைச் சாலையான ஆசுதோஷ் முகர்ஜி சாலை ஏறத்தாழ வடக்குத் தெற்காகச் செல்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வாடை வீசுகிறது எனக் கொள்வோம். ஹாஸ்ராவிலிருந்து சௌரங்கி நோக்கி 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவரின் நெஞ்சில் 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதும். அவரே திரும்பி வரும்போது 5 கிலோமீட்டர் வேகக் காற்றுதான் படும். போகும்போது நடுங்க வைத்த அதே சட்டை, வரும்போது வியர்க்க வைக்கும்.

அந்த வியர்வைதான் இரண்டாவது சிக்கல். முதலாவதைவிடப் பெரியது என்றே சொல்லலாம். சைக்கிள் மிதிக்க உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் உடல் அடுப்பு போல எரியத் தொடங்கிவிடும். தடித்த ஸ்வெட்டருக்குள் இருக்கும் உடல் வியர்க்கிறது, உள்ளே இருக்கும் பருத்தி பனியன் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே சைக்கிளை நிறுத்தி ஒரு வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில், ஈரப் பனியன் உடல் சூட்டை இழுத்து வெளியே விட்டுவிடுகிறது.

வேகமாக நீண்ட தூரம் செல்பவரைவிட, நின்று நின்று செல்பவருக்கே இது அதிகம் நேர்கிறது. கொல்கத்தாவில் அப்படிச் செல்ல வேண்டிய கட்டாயமும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் நகரின் 174 சாலைகளில் சைக்கிளுக்குக் காவல்துறை தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்த பின் அந்த எண்ணிக்கை 62 ஆகக் குறைக்கப்பட்டது. தடையுள்ள பெருஞ்சாலையைத் தவிர்த்துச் சந்துகளுக்குள் நுழைந்து செல்பவருக்குச் சீரான வேகம் கிடைப்பதில்லை. மிதிப்பதும் இறங்குவதும் தள்ளுவதுமாகவே பயணம் அமைகிறது.

மூன்று அடுக்குகள்

குளிர்நாட்டு சைக்கிள் வீரர்கள் கடைப்பிடிக்கும் முறை எளியது. தோலை ஒட்டி, வியர்வையைத் தேக்காத மெல்லிய உள்ளாடை. அதன்மேல் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் துணி. எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத மெல்லிய மேலங்கி. இதில் மூன்றாவதைத்தான் கொல்கத்தாவில் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். கையால் பின்னிய ஸ்வெட்டர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அதன் கண்ணிகள் வழியே காற்று தாராளமாக நுழையும். வீட்டிற்குள் அமர்ந்திருப்பவருக்கு அது சிறந்த உடை. சைக்கிளில் அதற்கு ஒரு கதவு தேவை.

அந்தக் கதவுக்காகப் பெரும் தொகை செலவிட வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்ததும் மடித்து வைக்கப்பட்ட ரெயின்கோட்டே போதும். ஆனால் அதை முழுவதும் மூடிக்கொண்டால் வியர்வை ஆவி வெளியேறாது. கழுத்துப் பகுதியைத் திறந்துவிட்டு நெஞ்சை மட்டும் மூடும்படி அணிவது நல்லது. காற்று மோதுவது முன்பக்கத்தில்தான். முதுகுக்கு அந்தக் காப்பு அவ்வளவாகத் தேவையில்லை.

இதைவிட மலிவான வழி, நாளிதழ் போடுபவரின் கேரியரிலேயே இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மலை உச்சியை அடைந்த வீரர்கள், இறக்கத்தில் பாயும் முன் வழியோரம் நிற்பவர்களிடமிருந்து செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வது நெடுங்கால வழக்கம். தாள் காற்றைத் தடுக்கும், மடிப்புகளுக்கு இடையே வெப்பத்தைத் தேக்கும், வியர்வையை ஓரளவு உறிஞ்சும். நனைந்தால் எறிந்துவிட்டு வேறு தாளை வைத்துக்கொள்ளலாம். பனியனுக்கு மேலும் சட்டைக்குக் கீழும் வைத்தால் மை உடலில் ஒட்டாது.

உள்ளாடையைப் பொறுத்தவரை, திருப்பூரின் பருத்தி பனியனுக்குக் கோடையில் ஈடு இணை இல்லை. குளிரில் வியர்க்கும் வேலைக்கு மட்டும் அது ஏற்றதன்று. விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியெஸ்டர் பனியன் விரைவில் உலரும். இப்போது அதுவும் திருப்பூரிலேயே தயாராகிறது. மெல்லிய கம்பளி உள்ளாடை இன்னும் மேல். கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் கதகதப்பை முழுவதுமாக இழப்பதில்லை.

குரங்குக் குல்லாவும் சால்வையும்

வங்காளியின் குளிர்காலம் என்றாலே குரங்குக் குல்லாதான் என்று நாடே கேலி பேசும். முகத்தைத் தவிர மற்ற அனைத்தையும் மூடும் இந்தத் தொப்பிக்கு ஆங்கிலத்தில் பாலகிளாவா என்று பெயர். 1854-இல் கிரிமியப் போரின் ஒரு சண்டை நடந்த ஊரின் பெயர் அது. உடல் சூட்டில் பாதி தலை வழியே போய்விடும் என்று சொல்லப்படுவது சரியன்று. வளர்ந்தவரின் உடற்பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவே. வெப்ப இழப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான். ஆனால் காதும் நெற்றியும் காற்றுக்கு நேராக இருப்பவை, விரைவில் வலியெடுப்பவை. அந்த வகையில் குல்லாவைக் கேலி செய்பவர்களைவிட அணிபவர்களே விவரமானவர்கள்.

சைக்கிளில் கவலை வேறு. தடித்த குல்லா பின்னால் வரும் பேருந்தின் ஒலியை மங்கச் செய்யும். தலையைத் திருப்பும்போது ஓரப் பார்வையை மறைக்கும். ஹெல்மெட்டுக்குள் அணிந்தால் ஹெல்மெட் சரியாகப் பொருந்தாது. காதை மட்டும் மூடும் மெல்லிய பட்டையோ மெல்லிய துணிக் குல்லாவோ போதுமானது.

சால்வையில் இருப்பது உயிராபத்து. தோளிலிருந்து நழுவும் முனை ஆரங்களிலோ சங்கிலியிலோ சிக்கினால் கழுத்து இறுகும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். கார் சக்கரத்தில் அவரது நீண்ட சால்வை சிக்கிக்கொண்டது. நம் நாட்டில் துப்பட்டாவும் சேலை முந்தானையும் இருசக்கர வாகனச் சக்கரங்களில் சிக்குவது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. சால்வைதான் வேண்டும் என்றால் அதை நெஞ்சில் குறுக்காகச் சுற்றி, முனைகளை இடுப்பில் செருகி, அதன்மேல் மேலங்கியை அணியலாம்.

கைகளை இறுதியாக நினைப்பதே பலரின் வழக்கம். முதலில் நினைக்க வேண்டியவை அவைதாம். மிதிக்கும்போது கால்கள் உழைக்கின்றன. ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளோ அசையாமல் காற்றை எதிர்கொள்கின்றன. குளிர் பட்டதும் உடல் விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். கம்பளிக் கையுறையில் காற்று நுழையும், பிடியும் வழுக்கும். மெல்லிய கையுறை ஒன்றின்மேல் தோல் அல்லது ரெக்சின் உறை அணிவது இரண்டுக்கும் தீர்வு. காலில் செருப்புக்குப் பதிலாக மூடிய காலணி வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடவே செய்யும்.

இவற்றை வாங்க மத்திய கொல்கத்தாவின் வெலிங்டன் சதுக்கத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கூடும் கம்பளிச் சந்தை பெயர்பெற்றது. மலைப்பகுதி மக்களும் திபெத்தியர்களும் நடத்தும் கடைகள் அவை. பவானிபூர்வாசிகளுக்கு கரியாஹாட் நடைபாதைக் கடைகள் இன்னும் பக்கம். தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதிக்கு ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள், கடையில் இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டரைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. அதே பணத்தில் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றும் விண்ட்சீட்டர் ஒன்றும் வாங்குவது சைக்கிளுக்குப் பொருத்தம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் கடுமையாக இருப்பது நீலகிரியில். உதகையில் உறைபனிக் காலத்து அதிகாலையில் 2 டிகிரி நிலவும்போது, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், மேற்சொன்ன கணக்கின்படி தோல் உணர்வது பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. ஏறும்போது வியர்த்து, இறங்கும்போது மிதிக்காமல் உறைவது மலைப்பாதையின் இயல்பு. 2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' சைக்கிள் பயணத்தால் பெயர்பெற்ற பாதை அது. அங்கே மேலங்கியை ஏற்றத்தில் கழற்றி, உச்சியில் அணிய வேண்டும்.

கொல்கத்தாவில் இதே மாற்றம் கடிகாரத்தைப் பொறுத்து நிகழ்கிறது. ஜனவரியில் பகல் வெப்பநிலை 25 டிகிரியைத் தொடும். காலை 6 மணிக்கு அணிந்தவற்றை 9 மணிக்குள் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியதை ஹேண்டில்பாரில் தொங்கவிடாமல் கேரியரில் கட்டுவது பாதுகாப்பு. புறப்படும் முதல் சில நிமிடங்கள் சற்றே குளிர்ந்தால் உடை சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம்.

பனிமூட்டமும் புகையும் கலந்து நிற்கும் அந்த நேரத்தில் சாம்பல், கறுப்பு, மெரூன் நிறச் சால்வைகள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே மேலே அணிவது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கட்டும். ஆஸ்துமாவும் இதய நோயும் உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடி, முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும். குளிர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கும், குளிர் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மாற்றுப் பனியன் ஒன்றைப் பையில் வைத்திருந்து, போய்ச் சேர்ந்தவுடன், தேநீருக்கு முன்பே, ஈரமானதைக் கழற்றி அதை அணிந்துகொள்வது நல்லது.