கோபுரம் கட்ட உட்காருமுன்: மாணவர் குறும்படம் பற்றி ஒரு சிந்தனை

தூத்துக்குடிப் பகுதி உப்பளங்களில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் மேல் படும் ஒளி கண்ணைப் பறிக்கும், காலும் தாங்காது. அங்கே பல ஆண்டுகளாக உப்பு வாரி வரும் ஓர் ஆச்சியைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க விரும்பி, காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவ மாணவியர் ஏழு பேர் என்னிடம் வந்தார்கள. கல்லூரியில் அது அவர்களுக்குக் குழுப்பணி. ஆச்சி எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர். நான் கேட்டுக்கொண்டதால்தான் சம்மதித்தார். வேலை நடக்கும் பாத்திகளில் கேமரா வேண்டாம், ஓரமாகச் சும்மா கிடக்கும் பாத்தியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அளத்துக்காரர் அனுமதி தந்தார். அதாவது, படம் எடுக்கும் நாளில் ஆச்சிக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இதை நாங்கள் யாரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் நாள் கேமரா பேட்டரி பாதி சார்ஜில் வந்து சேர்ந்தது. எந்தக் காட்சியை முதலில் எடுப்பது என்று கதை எழுதியவருக்கும் இயக்குபவருக்கும் வாக்குவாதம். வெயில் ஏறுவதற்குள் நான்கு ஷாட்தான் முடிந்தது. இரண்டாம் நாள் மைக் கொண்டுவர வேண்டிய தம்பி பேருந்தைத் தவறவிட்டார். ஆச்சி காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"வர மாட்டேன்னு சொல்லல தம்பி. ரெண்டு நா கூலி போச்சு. இன்னைக்கும் போச்சுன்னா பலசரக்குக் கடையில என்னன்னு சொல்லுவேன்?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

குறும்படம் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கேமராதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இன்று அது எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. எனவே படம் எடுப்பது எளிது என்று தோன்றுகிறது. ஆனால் மாணவர் படங்கள் பாதியில் நிற்பதற்குக் கேமரா காரணமாக இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் எழுந்து போவதே காரணம். லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விரும்பும் மனிதரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க இயலாமல் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகாதபடி, அவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறார். சீடத்துவத்தைப் பற்றிய உவமை அது, திரைப்படத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் அந்த 'முதலில் உட்காருவது' எனக்கு அன்று புதிதாகப் புரிந்தது. கணக்கிடாதவருடைய செலவை வேறு யாரோ ஒருவர் தலையில் சுமக்கிறார்.

அப்படி உட்கார்ந்து என்ன செய்வது? முதலில் ஒன்லைன். படம் எதைப் பற்றியது என்பதை ஒரே வாக்கியத்தில் ஏழு பேரும் எழுதிப் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளை எழுதச் சொன்னபோது ஏழு விதமாக வந்தது. ஒருவருக்கு அது உப்பளத் தொழிலாளரின் வறுமை. இன்னொருவருக்கு ஆச்சியின் இறந்துபோன கணவரைப் பற்றிய கதை. ஏழு படங்களை ஒரே நேரத்தில் எடுக்க முயன்றதால்தான் வரப்பில் வாக்குவாதம் வந்தது. அன்று மாலை முழுவதும் பேசி, 'ஓய்வெடுக்க வேண்டிய வயதிலும் ஆச்சி ஏன் உப்பளத்துக்குப் போகிறார்' என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்.

பிறகு திரைக்கதை. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது திரைத்துறையில் வழங்கும் கணக்கு. பத்து நிமிடப் படத்துக்கு இருபத்தைந்து பக்கம் எழுதி வைத்திருந்தால், படம் எடுக்குமுன்பே தெரிந்துவிடும் எங்கோ தவறு என்று. திரைக்கதை முடிந்ததும் அதைக் காட்சி காட்சியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே இடம், நேரம், ஆட்கள், பொருட்கள், உடை, ஒலி என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஆச்சியின் அரை நாள் கூலி இந்தத் தாளில்தான் காப்பாற்றப்பட்டிருக்கும். ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளை, கதையில் அவை எங்கே வந்தாலும், ஒன்றாகச் சேர்த்து எடுப்பதுதான் படப்பிடிப்பின் வழக்கம். தொடக்கக் காட்சியும் இறுதிக் காட்சியும் உப்பளத்தில் என்றால் இரண்டையும் ஒரே காலையில் எடுத்துவிடலாம். நம் பிள்ளைகளோ கதை ஓடும் வரிசையிலேயே எடுக்கப் புறப்பட்டிருந்தார்கள்! அதனால் ஒரு மூதாட்டியை மூன்று நாள் அழைக்க வேண்டியிருந்தது.

இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்ப்பதும் இதில் அடங்கும். படம் எடுக்கப் போகும் அதே நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உப்பளத்தை மாலையில் பார்த்துவிட்டுக் காலையில் கேமரா தூக்கிச் சென்றால் ஒளி வேறு திசையிலிருந்து வரும். வெள்ளைப் பரப்பில் கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், அது ஒளி அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். உப்பு சாம்பல் நிறமாகவும் முகம் கறுத்தும் விழும். முகத்துக்கு ஏற்றபடி ஒளியளவைக் கையால் அமைக்க வேண்டும், அல்லது சூரியன் உதித்த முதல் மணி நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். காற்று இன்னொரு தொல்லை. மறைப்பில்லாத வெளி அது. மைக்குக்குப் பஞ்சு உறையோ ரோம உறையோ இல்லையென்றால் ஆச்சி பேசியது எதுவும் கேட்காது. முதல் நாள் எடுத்த நான்கு ஷாட்களில் மூன்றின் ஒலி அப்படித்தான் வீணாயிற்று. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். இருந்தும் மாணவர் குழுக்களில் ஒலிப்பதிவுப் பொறுப்பு கடைசியாக மிச்சம் இருப்பவருக்கே போய்ச் சேர்கிறது.

பொறுப்புகளைப் பிரிப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன. எல்லோருக்கும் இயக்குநர் ஆக ஆசை. மறுக்க மனமில்லாமல் 'நாம் எல்லோரும் சேர்ந்து இயக்குவோம்' என்று முடிவு செய்வார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே யாருக்கும் பொறுப்பில்லை என்பதே அதன் பொருள். பேட்டரி சார்ஜ் ஆகாதது யார் தவறு என்று அன்று விசாரித்தேன். 'நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றிருந்தோம்' என்ற பதில்தான் வந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் புனித பவுல் உடலையும் உறுப்புகளையும் பற்றி விளக்குவதை நாம் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்ற கருத்து, படப்பிடிப்புத் தளத்தில் அப்படியே உண்மை. கிளாப் அடிப்பவர் எண்ணைத் தவறாகச் சொன்னால் படத்தொகுப்பாளர் ஓர் இரவு முழுவதும் தேட வேண்டும். கண்டினியூட்டி பார்ப்பவர் ஒவ்வொரு ஷாட் முடிவிலும் உடையையும் பொருட்களையும் படம்பிடித்து வைக்காவிட்டால், அடுத்த ஷாட்டில் கைவளையல் மாயமாகிவிடும். உதவி இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் சூரியன் யாருக்காகவும் நிற்காது. இயக்குநருக்குக் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, ஆனால் அது முந்தின நாள் மாலை வரைதான். தளத்தில் ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும்.

சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' உருவான கதை இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் அவர் அதை எடுக்கத் தொடங்கினார். ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்குமுன் திரைப்படக் கேமராவை இயக்கியவரல்ல. முறையான முழுத் திரைக்கதை இல்லை; ஆனால் காட்சிகளைப் படம் படமாக வரைந்து வைத்த குறிப்பேடு ரேயிடம் இருந்தது. 1952 அக்டோபரில் நாணல் பூத்திருந்த வெளியில் முதல் காட்சியை எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு திரும்பிப் போனபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும்வரை ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. பணமின்றிப் படப்பிடிப்பு நின்று நின்று நடந்து, கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியால் முடிந்து 1955இல் வெளிவந்தது. இடையில் சிறுவனின் குரல் உடையாததையும், சிறுமி வளர்ந்துவிடாததையும், முதிய நடிகை இறந்துவிடாததையும் அற்புதங்களாகவே ரே பின்னாளில் குறிப்பிட்டார். அற்புதத்தை நம்பித் தேர்வுக்குரிய படத்தை எடுக்க முடியாது என்று நான் பிள்ளைகளிடம் சொன்னபோது சிரித்தார்கள்.

அந்தப் படத்துக்கு 1956 கான் விழாவில் உலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பும் சிறப்பு மதிப்பு அளித்தது. 1928இல் தோன்றிய அவ்வமைப்பு 2001இல் வானொலி, தொலைக்காட்சிக்கான அமைப்போடு இணைந்து 'சிக்னிஸ்' ஆயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட ஆவணங்களில் ஒன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியது என்பதும், திரைப்படம் பிறந்த நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் திரைப்படத்துக்கே ஒதுக்கினார் என்பதும் நம் பங்குகளில் பலருக்குத் தெரியாது. 'சினிமா எடுக்கவா கோவிலுக்கு வருகிறீர்கள்' என்று இளையோரைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி அனுமதி. அளத்துக்காரர் தந்தது இடத்துக்கான அனுமதி. ஆச்சியின் முகத்துக்கும் சொல்லுக்கும் அனுமதி தர வேண்டியவர் ஆச்சி. எழுத்தில் வாங்குவது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, யாருக்கெல்லாம் காட்டப்போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சிறார் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். முதல் நாள் எடுத்ததில், கணவரைப் பற்றிப் பேசும்போது ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைக்கும் ஷாட் ஒன்று இருந்தது. ஒலி கெடாமல் தப்பிய ஒரே ஷாட் அதுதான். அதை வைத்தால் படம் உயர்ந்துவிடும் என்றார் இயக்கிய மாணவர். கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன். கேட்டார்கள். "அது உங்க கிட்ட சொன்னது, ஊருக்குச் சொன்னதில்ல" என்றார் ஆச்சி. நீக்கினார்கள். இயக்குநருக்கு வருத்தம்தான். எனக்கும் கொஞ்சம் வருத்தமே, நல்ல ஷாட் அது.

மீண்டும் ஆச்சியை அழைக்குமுன் ஏழு பேரும் செய்தது ஒன்று உண்டு. இணைச்சட்ட நூல் 24ஆம் அதிகாரம் கூலியாளின் அன்றாடக் கூலியைப் பிடித்து வைப்பதைப் பற்றி எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை அன்பியக் கூட்டத்தில் வாசித்திருந்தோம். அவர்களில் மூவர் அக்கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. போன இரண்டு நாள் கூலியையும் வரப்போகும் ஒரு நாள் கூலியையும் தங்களுக்குள் பிரித்துப் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆச்சி முதலில் வாங்க மறுத்தார். "இது செலவுக் கணக்குல இருக்கு ஆச்சி" என்று ஒரு மாணவி தாளைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார். உண்மையிலேயே அந்தத் தாளில் பேருந்துக் கட்டணத்துக்கும் தேநீருக்கும் மேலே முதல் வரியாக அது இருந்தது.

கடைசி நாள் படப்பிடிப்பு காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முன்பே முடிந்தது. முந்தின இரவே பேட்டரிகள் நிறைந்திருந்தன. யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்ற தாள் ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. ஆள் பேசாத வேளையில் உப்பளத்தின் காற்றொலியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்துகொண்டார்கள். படத்தொகுப்பில் வெட்டு விழும் இடங்களை மறைக்க அது உதவும். பதிவானதை வீடு திரும்புமுன் இரண்டு இடங்களில் நகல் எடுத்தார்கள். இத்தனை திட்டத்திலும் இல்லாத ஒன்றுதான் படத்தில் சிறந்த ஷாட். பாத்தியில் இறங்குமுன் ஆச்சி செருப்பைக் கழற்றி வைத்து, கிழக்கே பார்த்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஸ்டாண்டில் கேமரா ஏற்கெனவே தயாராக நின்றதால் அது கிடைத்தது.

முடிந்த படத்தை அன்பியக் கூட்டத்தில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் அமைதியாகப் பார்த்தோம். முதல் நாள் தூரத்திலிருந்து எடுத்த ஒரு ஷாட்டையும் பேச்சு இல்லாததால் இடையில் சேர்த்திருந்தார்கள். ஆச்சி திரையைச் சுட்டிக் காட்டினார். "ஏ பிள்ளைகளா, வரப்புல நடக்கையில தலையில பச்சைத் துண்டு, பாத்தியில இறங்கையில நீலத் துண்டுல்லா இருக்கு?" கண்டினியூட்டி பார்த்த மாணவி இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.