தை மாசத்து மொட்டை மாடி: இப்போ எதை விதைக்கலாம்?

"ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு கேட்டிருப்பீங்க. தைப்பட்டமும் உண்டு. மூக்கண்டப்பள்ளி பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? மாடித் தோட்டம் ஆரம்பிக்க ஜனவரி கடைசி நல்ல நேரம். ஆனா யூடியூப்ல சென்னைக்காரங்க சொல்ற தேதியை அப்படியே எடுத்துக்காதீங்க.

காரணம் சிம்பிள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. 1000 மீட்டர் ஏறினா வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதனால தை மாசத்துலயும் நம்ம ராத்திரி குளிர்தான்.

கொத்தமல்லி, பாலக், முள்ளங்கி: குளிர் பிடிக்கும். வெயில் ஏறினா சீக்கிரம் பூ விட்டுடும். உடனே விதைச்சிடுங்க.

தக்காளி: ராத்திரி வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனா காய் பிடிக்காது, பகலில் 35ஐத் தாண்டினாலும் பூ உதிரும். இப்போ நாற்று விட்டு, 25-30 நாளில் பையில் நட்டா, குளிர் போய் கோடை முற்றுவதற்குள் பூ வந்துடும்.

வெண்டை: குளிர்ந்த ஈர மண்ணில் விதை அழுகிடும். பிப்ரவரி பாதி வரை பொறுங்க. ஒரு ராத்திரி ஊறவெச்சு விதைங்க.

செடி சாகுறது பெரும்பாலும் தண்ணி இல்லாம இல்லை, அதிகமாகித்தான். குளிர்ல மண் மெதுவா காயும். விரலை ரெண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. ஊத்தினா காலையில் ஊத்துங்க. காய்ஞ்ச இலையை மூடாக்கா போட்டா டேங்கர் தண்ணியும் மிச்சம். அசுவினி வந்தா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க.

ஹவுஸ் ஓனர் கவலையும் நியாயம்தான். பையைத் தரையில் வைக்காம செங்கல் மேல வைங்க, தண்ணி தேங்காது. கனமான பைகளை மாடி நடுவுல குவிக்காம, கீழே சுவர் வர்ற ஓரமா பிரிச்சு வைங்க.

ஃபைனல் இயர்காரங்க மே மாசம் ரூம் காலி பண்ணணும். அதனால கணக்குப் போட்டு விதைங்க: கீரை 25 நாள், முள்ளங்கி 45, வெண்டை 50, தக்காளிக்கு விதையிலிருந்து மூணு மாசம். பிப்ரவரி முதல் வாரத்தைத் தாண்டிட்டா தக்காளியை விட்டுடுங்க, கீரை போதும்.

கிளம்பும்போது மண்ணைக் கொட்டிடாதீங்க. வேரை எடுத்துட்டு, கம்போஸ்ட் கலந்து ஜூனியர்கிட்ட கொடுங்க. ஆடிப்பட்டத்துக்கு அவங்க விதைக்கட்டும்.